டூட்டிங்கில் பாண்டிச்சேரிக்குத் துக்கம்

பாண்டிச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்ததற்காக இன்னும் துக்கம் காக்கிற மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்கிறார். அவர் பாண்டிச்சேரியில் இல்லை, பாரிஸிலும் இல்லை. லண்டன் டூட்டிங்கில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். பாண்டிச்சேரியை அவர் தன் கண்ணால் ஒருநாளும் பார்த்ததில்லை என்பதை யாரும் ஒரு குறையாக எடுத்துக்கொள்வதில்லை.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. லண்டனுக்கு வருமுன் ஐரோப்பாவில் எந்த நாட்டில் இருந்தாரோ அந்த நாடே ஒருவருக்குப் பெயராகிவிடும். சுவிஸ் அக்கா, ஒல்லாந்து மாமா, நோர்வே சித்தி என்று ஓர் உலக வரைபடமே காய்கறி வாங்க வரும். இவரும் முதலில் பிரான்ஸ் அண்ணையாகத்தான் இருந்தாராம். முருங்கைக்காய் கேட்டு வந்தவர்களையெல்லாம் நிறுத்தி 1761இல் பாண்டிச்சேரி விழுந்த கதையைச் சொல்லிச் சொல்லி, பாண்டிச்சேரி அண்ணை ஆகிவிட்டார்.

அந்த ஊர் விழுந்தது ஜனவரி நடுவில். ஆகவே தைப்பொங்கலன்று கரும்பும் மஞ்சள் கொத்தும் அமோகமாக விற்றுவிட்டு, மறுநாள் காலை கடை ஷட்டரைப் பாதிதான் தூக்குவார். குனிந்து உள்ளே போனால் கறுப்புச் சட்டையில் நிற்பார். "தை மாசம் கூடாத மாசம்" என்பார். தை பிறந்தால் வழி பிறக்கும் என்று வளர்க்கப்பட்ட எனக்கு இது பெரிய அதிர்ச்சி.

இங்கிலாந்தில் எது சரியில்லை என்றாலும் காரணம் அந்தப் பழைய சண்டைதான். பஸ் வரவில்லையா? "பிரெஞ்சுக்காரன் சண்டையிலை வெண்டிருந்தால் நேரத்துக்கு வந்திருக்கும்." பாண், அதாவது பிரெட், நன்றாக இல்லையா? அதே காரணம். கைகழுவும் தொட்டியைப் பார்த்தாலே அவருக்குக் கோபம் வரும். "சுடுதண்ணிக்கு ஒரு பைப், பச்சைத்தண்ணிக்கு ஒரு பைப். ரெண்டையும் சேர்க்கத் தெரியாதவனிட்டையோ பாண்டிச்சேரி போகவேணும்?"

பக்கத்தில் இறைச்சிக்கடை வைத்திருந்த ஜெர்மன் மாமாவோடு அவருக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. பாண்டிச்சேரி விழுந்த அந்த ஏழாண்டுப் போரில் ஜெர்மனியின் பிரஷியா இங்கிலாந்தின் பக்கம் நின்றது. ஜெர்மன் மாமா இருந்ததும் அந்தப் பக்கத்து ஊரில்தான். ஆகவே மன்னிக்க முடியாது. அண்ணையின் மனைவி ராணி அக்கா இதற்கு வேறு விளக்கம் வைத்திருந்தார். "அதெல்லாம் சும்மா. அவரின்ர இறைச்சி ஏத்துற வான் எங்கட கடை வாசலை மறைக்குது. அதுதான் சண்டை."

நான் அண்ணையிடம் மாட்டிக்கொண்டது 2007இல். கணவருக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மகள் நிலாவுக்கு இரண்டு வயது. நிலா நூற்றைம்பது மில்லிக்குப் பதில் நூற்றிருபது மில்லி பால் குடித்தால் டாக்டருக்குப் போன் செய்கிற ரகம் நான். செய்துவிட்டு, போன் செய்தது தப்போ என்று கவலைப்படுகிற ரகமும் நான்தான். அந்த வருடம் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கிறவர்களும் பிரிட்டன் வாழ்க்கையைப் பற்றி ஒரு பரீட்சை எழுத வேண்டும் என்று ஆகிவிட்டது. கணவர் புத்தகத்தை ரயிலில் புரட்டிவிட்டுப் போய்ப் பாஸ் செய்துவிட்டு வந்தார். மீதி இருந்தது நான்.

"ஃபெயிலானா திரும்ப எழுதலாம்" என்று அவர் ஆறுதல் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. நான் ஃபெயிலாகி, என்னை மட்டும் சென்னை விமானத்தில் ஏற்றிவிட, நிலா கண்ணாடிக்குப் பின்னால் நின்று கையாட்டுகிற காட்சி தினமும் பாத்திரம் கழுவும்போது வந்தது. ஒருநாள் கையாட்டிவிட்டு அவள் பிஸ்கட் சாப்பிடப் போய்விட்டதாகவும் வந்தது. அதற்குத் தனியாக அழுதேன்.

அந்த நிலைமையில் ஒருநாள் துவரம்பருப்பு வாங்கப் போனேன்.

"தங்கச்சி இந்தியாவோ? எந்த ஊர்?"

"ஆற்காடுங்க அண்ணா."

அவர் கையிலிருந்த பொட்டலத்தைக் கீழே வைத்தார். "இஞ்சரும், ஓடி வாரும்!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். "ஆற்காட்டுப் பிள்ளை ஒண்டு வந்திருக்கு!" ராணி அக்கா ஈரக் கையோடு வந்து என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"உங்கட ஆக்கள் செய்த வேலை தெரியுமோ தங்கச்சி?"

"எங்க ஆளுங்களா? எங்க அப்பா தாலுகா ஆபீஸ்ல கிளார்க்குங்க. அவர் யார் வம்புக்கும்..."

"அப்பா இல்லை! ஆயிரத்து எழுநூற்று ஐம்பத்தொண்டு!"

விஷயம் இதுதான். ஆற்காட்டுக் கோட்டைக்குள் ஆங்கிலக் கம்பெனியின் சின்னப் படை ஒன்று சிக்கிக்கொண்டது. வெளியே பிரெஞ்சுக்காரர்களின் துணையோடு பெரும்படை. ஐம்பது நாள் முற்றுகை. உள்ளே அரிசி தீர்ந்துகொண்டே வருகிறது. அப்போது நம்மூர்ச் சிப்பாய்கள், "சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுங்கள், வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும்" என்றார்களாம். கோட்டை தாக்குப்பிடித்துவிட்டது. அன்றைக்குத் தொடங்கிய சரிவுதான் பாண்டிச்சேரி வரை போனது என்பது அண்ணையின் தீர்ப்பு.

"அந்தச் சோத்தை அவங்களே திண்டிருந்தால் சரித்திரம் வேறை தங்கச்சி! ஒரு நேரம் வயிறு முட்டச் சாப்பிட ஏலாமல் போச்சே உங்கட ஆக்களுக்கு!"

வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டுப் பருப்போடு வீட்டுக்குப் போயிருப்பார்கள். நான் "சாரி அண்ணா" என்றேன். நிஜமாகவே சொன்னேன். நிலாவுக்குச் சளி பிடித்ததற்கு நான் காரணம், மழைக்கு நான் காரணம், இப்போது பிரெஞ்சு சாம்ராஜ்யம் சரிந்ததற்கும் நான்தான் என்றால் இருக்கலாம் என்று தோன்றியது. போதாக்குறைக்கு அந்த நேரம் பார்த்து, கடையில் வாங்கிய ரோலின் உள்ளிருந்த உருளைக்கிழங்கை நிலாவுக்கு ஊட்டிவிட்டு, வெறும் மேல்தோலை நான் தின்றுகொண்டிருந்தேன். அண்ணை அதைப் பார்த்துவிட்டார். "பாத்தீரோ? இன்னும் மாறேல்லை" என்றார் ராணி அக்காவிடம்.

பரீட்சையைப் பற்றி வாய்தவறிச் சொன்னதுதான் அடுத்த தப்பு. புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, முதல் அத்தியாயமான சரித்திரத்தை நின்றபடியே வாசித்தார். "பாண்டிச்சேரி இல்லை. ஆற்காடு இல்லை. வெண்டவன் எழுதின புத்தகம்! நாளைக்குப் பத்து மணிக்கு வாங்கோ. நான் சொல்லித்தாறன்."

இரண்டு மாதம் போனேன். நிலாவைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு, கல்லாப் பக்கத்தில் நின்று படித்தேன். கடலை பிரெஞ்சுக்காரர், உலர்ந்த திராட்சை ஆங்கிலேயர், கடுகு சிப்பாய்கள், அரிசி அளக்கிற சுண்டைக் கவிழ்த்துவைத்தால் கோட்டை. அண்ணை படைகளை நகர்த்தும்போது கடைக்கு வந்தவர்கள் காத்திருக்க வேண்டும்.

"அண்ணை, அந்தக் கடலையிலை கொஞ்சம்..." என்றார் ஒருநாள் சுவிஸ் அக்கா.

"பொறும். அது குதிரைப்படை."

"எனக்குச் சுண்டலுக்கு அண்ணை."

"வந்தவாசிச் சண்டை முடியட்டும்."

வந்தவாசியில் பிரெஞ்சுக்காரர் தோற்கப்போகிற நேரத்தில் நிலா கையை நீட்டி ஆங்கிலப் படையில் பாதியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். நான் பதறிப்போய் வாய்க்குள் விரலை விட்டேன். அண்ணைக்குக் கண் கலங்கிவிட்டது. "விடுங்கோ தங்கச்சி, தின்னட்டும்! இருநூற்றைம்பது வருசத்திலை முதல் தடவை!"

ஜெர்மன் மாமா ஒருநாள் என்னைத் தெருவில் நிறுத்தினார். "பிள்ளை, என்ர மனுசி போன மாசம்தான் பாஸ் பண்ணினவ. சரித்திரம் ஒண்டும் கேக்கிறேல்லை. புத்தகத்திலையே போட்டிருக்கு." வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். போட்டுத்தான் இருந்தது. முதல் அத்தியாயத்திலிருந்து கேள்வி வராது என்று தெளிவாகவே போட்டிருந்தது.

அண்ணையிடம் காட்டினேன். "எதிரி தாற உளவை நம்பியோ சண்டைக்குப் போறது?" என்றார்.

படித்தவள் நான், இதைக் கேட்டுச் சிரித்திருக்க வேண்டும். ஆனால் கேட்கமாட்டோம் என்றால் எதற்கு அச்சடித்தார்கள்? நம்மைச் சோதிக்கத்தானோ? ஒரு விஷயம் வராது என்றால் எனக்கு நம்பிக்கை வராது. வரும் என்றால் உடனே வந்துவிடும். ஆகவே புத்தகத்தில் இல்லாத சரித்திரத்தை, சரித்திரமே கேட்காத பரீட்சைக்காகத் தொடர்ந்து படித்தேன்.

இப்படிக் கடலைப் படையைத் திரும்பத் திரும்பத் தோற்கவைத்த ஒருநாள் கேட்டுவிட்டேன். "ஏண்ணா, உங்களுக்கு ஏன் இவ்வளவு வருத்தம்?"

அவர் திராட்சைகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார். "பாரிஸிலை நான் கோப்பை கழுவினனான் தங்கச்சி. பாசை தெரியாது. பள்ளிக்கூடப் பிள்ளையளின்ர பழைய சரித்திரப் புத்தகம் ஒண்டு கிடைச்சது. ஒரு எழுத்தும் விளங்கேல்லை. பக்கத்தைப் பிரட்டப் பிரட்ட, ஒரு இடத்திலை பாண்டிச்சேரி எண்டு இருந்தது. பிரெஞ்சிலை நான் முதன்முதல் வாசிச்ச சொல்லு அதுதான். அங்கை எனக்குத் தெரிஞ்ச ஒரே ஆள்மாதிரி இருந்தது. பிறகு வாசிச்சுக்கொண்டு போனால், அதையும் பிடிச்சுப் போட்டாங்கள்."

"அப்புறம் ஏண்ணா லண்டன் வந்தீங்க?"

"பிள்ளையள் இங்கிலிஷ் படிக்கவேணும் எண்டு இவ சொன்னா. வெண்டவன்ர பாசையைத்தானே உலகம் பேசுது" என்றார். பிறகு அன்றைக்கும் காத்து நின்ற சுவிஸ் அக்காவுக்குக் கடலையை நிறுத்துக் கொடுத்தார்.

பரீட்சை நாளும் வந்தது. கணவருக்கு வெளியூரில் வேலை. நிலாவை அதுவரை யாரிடமும் விட்டதில்லை. கடையில் விட்டுப் போகலாம் என்று ராணி அக்கா சொன்னதும், என்ன கொடுக்கலாம், என்ன கொடுக்கக் கூடாது, எப்படி அழுதால் எதற்கு அர்த்தம் என்று இரண்டு பக்கத்துக்கு எழுதிக்கொண்டு போனேன்.

அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். "பாண்டிச்சேரியைச் சரணடையக் குடுத்த பத்திரம்கூட இவ்வளவு நீளமிருக்காது."

"நான் நாலு பெத்தனான் தங்கச்சி. நீங்கள் போயிட்டு வாங்கோ" என்றார் ராணி அக்கா.

பஸ்ஸில் உட்கார்ந்து மனசுக்குள் வந்தவாசியை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன். க்ரோய்டனில் ஒரு கட்டடத்தின் மாடி. கம்ப்யூட்டரில் இருபத்து நான்கு கேள்விகள். ஆற்காடு இல்லை, வந்தவாசி இல்லை, பதினெட்டாம் நூற்றாண்டே இல்லை. எந்த வயதில் பிள்ளைகள் பகுதிநேர வேலைக்குப் போகலாம், பள்ளிக்கூடம், டாக்டர், வாடகை வீடு என்று இதே மாதிரிதான் போயிற்று. இதையெல்லாம் நான் படிக்கவே இல்லை. ஆனால் நிலா பிறந்ததிலிருந்து பயத்தில் கிளினிக்கிலும் நூலகத்திலும் கிடைத்த எல்லாத் துண்டுப்பிரசுரங்களையும் கரைத்துக் குடித்திருந்தேன். இரண்டு வயதுப் பிள்ளை பதினாலு வயதில் பேப்பர் போடப் போனால் என்ன சட்டம் என்று அப்போதே பார்த்துவைத்திருந்தேன். பாதி நேரத்தில் முடிந்துவிட்டது. பாஸ்.

ஓட்டமாக வந்தேன். நிலா அரிசி மூட்டைமேல் ராஜாத்தி மாதிரி உட்கார்ந்து, என் பட்டியலில் கண்டிப்பாகக் கூடாது என்று மூன்று கோடு போட்டிருந்த மிக்சரைத் தின்றுகொண்டிருந்தாள். காலையிலிருந்து அழவே இல்லையாம். என்னைப் பார்த்த பிறகுதான் அழுதாள்.

அண்ணை வாசலில் நின்றார். "நீங்கள் போன நேரம் துவக்கம் இந்த மனுசன் உள்ளுக்கு வரேல்லை. ஒரு சாமான் விக்கேல்லை" என்றார் ராணி அக்கா.

"பாஸ் அண்ணா!"

"அது தெரியும். எங்கட பக்கம் எத்தினை கேள்வி வந்தது?"

நான் பொய் சொல்லத் தெரியாதவள். சின்ன வயதில் டீச்சர் கேட்காத தப்புகளையும் நானாகப் போய்ச் சொன்னவள். அவர் முகத்தைப் பார்த்தேன். காலையில் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

"நிறைய வந்துச்சுண்ணா. முதல் கேள்வியே ஆற்காடுதான்."

"அரிசிக் கதையோ?"

"ஆமாண்ணா. கஞ்சி யார் குடிச்சான்னு."

அவர் நேராக இறைச்சிக்கடை வாசலுக்குப் போனார். மூன்று வருடத்தில் முதல் தடவையாக ஜெர்மன் மாமாவைப் பார்த்துப் பேசினார். "கேட்டீரோ? வந்ததாம்! ஆற்காடு வந்ததாம்!"

ஜெர்மன் மாமா கத்தியைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். நான் நிலாவின் வாயைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"அப்பிடியோ அண்ணை?" என்றார் அவர். "இப்ப புதுசா மாத்திப்போட்டாங்கள் போலை."

நாங்கள் இப்போது ஹாரோவுக்கு வந்துவிட்டோம். என் பாஸுக்குப் பிறகு அந்தத் தெருவில் பரீட்சைக்குப் போகிற எல்லோரையும் அண்ணை கடலைப் படைக்கு முன்னால் நிறுத்திவிடுகிறாராம். நோர்வே சித்தி போனில் என்னைத் திட்டினார். மூன்று வாரம் கால் வலிக்க நின்று வந்தவாசி கற்றுக்கொண்டவர் அவர். நியாயம்தான். மிக்சர் கொடுத்தது சரியா, ஹாரோவுக்கு வந்தது சரியா, இதை எழுதுவது சரியா என்று எல்லாவற்றையும் நான் இரண்டாவது முறையும் மூன்றாவது முறையும் யோசித்திருக்கிறேன். அந்தப் பொய்யை மட்டும் இன்றுவரை ஒருமுறைகூடத் திரும்ப யோசித்ததில்லை.