பாதுகாக்கப்பட்ட கறிப்புகை

அநீதி இழைக்கப்பட்டவர் குணசேகரம் அண்ணை. இழைத்தது, பதினான்கு வருடம் அவரே சமைத்த கறியின் புகை. வேறு எவருக்கும் இதில் பங்கில்லை என்று மரபுப் பாதுகாப்பு அலுவலகம் எழுத்திலேயே தந்திருப்பதால் நானும் அப்படியே தொடங்குகிறேன்.

ஜெர்மனியில் ஹாலே நகருக்குப் பக்கத்துக் கிராமமொன்றில் இருநூறு வருடப் பழைய தவறணை ஒன்று இருந்தது. குடிக்க பியர், கடிக்கப் பொரித்த பன்றி இறைச்சி. பொரித்தவர் அண்ணை. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் யாழ்ப்பாணத்துக் கறி வைப்பார். அன்றைக்குத்தான் இருக்க இடம் கிடைக்காது. 2007இல் முதலாளி கண்ணை மூட, கடையும் மூடியது. தானே எடுத்து நடத்த அண்ணை விண்ணப்பம் போட்டார். சட்டம் படிக்கிற, வாயுள்ள பிள்ளை என்று என்னையும் துணைக்குக் கூட்டிப்போனார்.

மரபுப் பாதுகாப்பு அலுவலர் ஹெர் வீகாண்ட் மிகுந்த மரியாதையோடு மறுத்தார். கட்டடத்தின் வரலாற்றை அவர்கள் எழுதி முடித்துவிட்டார்களாம். உட்கூரையின் மஞ்சள் நிறம் அந்தக் காலத்தவர் சுங்கானில் பிடித்த புகையிலையின் புகை. அதன் கீழே அடுப்பு மூட்டினால் வரலாறு கெட்டுவிடும்.

"அது சுங்கான் இல்லை ஐயா. என்ர கறி," என்றார் அண்ணை.

நான் சும்மா இருந்திருக்கலாம். பரிசோதித்துப் பாருங்கள் என்று ஒரு மணித்தியாலம் வாதாடினேன்.

நாலு மாதத்தில் முடிவு வந்தது: மஞ்சள், மிளகாய், எண்ணெய். சுங்கான் மருந்துக்கும் இல்லை. வென்றுவிட்டோம் என்று கேக் வாங்கிக்கொண்டு அண்ணையோடு தவறணைக்குப் போனேன்.

ஹெர் வீகாண்டின் முகம் எங்களைவிட மலர்ந்திருந்தது. 'பல்பண்பாடு' என்ற சொல் இல்லாத கோப்பை அந்த வருடம் மேலிடம் திறந்தே பார்ப்பதில்லை. இப்போது அவர் தலைக்கு மேலேயே பல்பண்பாடு படிந்திருந்தது. தவறணை அருங்காட்சியகமாகும், வாசலில் 'பெயர் அறியப்படாத தமிழ்ச் சமையல்காரர்' என்று பலகை வரும்.

"பெயர் குணசேகரம். இந்தா, முன்னால இருக்கிறன்." அண்ணை சம்பளத் துண்டுகளை நீட்டினார்.

ஹெர் வீகாண்ட் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இதில் 'சமையல் உதவியாள்' என்றல்லவா இருக்கிறது? புகை சமையல்காரருடையது."

"சரி, அவற்ர புகையாவே இருக்கட்டும். நான் சமைக்கலாமோ?"

"தங்கள் புதிய புகை அவருடைய பழைய புகையை மூடிவிடுமே."

கடையைத் திறக்கச் சொல்லிக் கையெழுத்து வைத்த கிராமத்தவர்கள், அருங்காட்சியகத்துக்குச் சுற்றுலா பஸ் வரும் என்றதும் கையெழுத்தை மறந்தார்கள். எங்கட தமிழ்ச் சங்கத் தலைவர் ஜேசுரட்ணம் ஹெர் வீகாண்டுக்குப் பொன்னாடை போர்த்தினார். "பலகையில தமிழன் எண்டு போடுறாங்கள். உங்கட ஒரு கடைக்காக அதைக் கெடுத்துப்போடாதேங்கோ, அண்ணை."

பதினொரு பக்கத்தில் மேன்முறையீடு எழுதினேன். பதில் அண்ணையின் பெயருக்கு மூன்று வரியில் வந்தது:

"மேன்முறையீடு நிராகரிக்கப்படுகிறது. தமிழ்ச் சங்கத்தின் பரிந்துரைப்படி, திறப்பு விழாவுக்குத் தாங்கள் எழுபது வடைகளுடன் வருகை தருமாறு அன்புடன் அழைக்கப்படுகிறீர்கள். ஆவி பறக்கும் வடைகள் உள்ளே அனுமதிக்கப்படமாட்டா."