டவுன் கிளார்க் ஏற்காத ராஜினாமா

ரங்கூனை விட்டு இதுவரை ஒருவரும் போனதில்லை என்று உறுதியாக நம்பும் ஒரே மனிதர் எங்கள் டவுன் கிளார்க்தான். சிங்கப்பூரில் பேரன் எடுத்தவர், மலேசியாவில் வீடு கட்டியவர், தாம்பரத்தில் உட்கார்ந்து இதை எழுதும் நான், எல்லோரும் அவரைப் பொறுத்தவரை லீவில் போயிருக்கிறோம்.

அவர் எந்த டவுனுக்கும் கிளார்க் இல்லை. வார நாட்களில் லான்மடாவில் ஓர் இரும்புக் கடையில் பில் போடுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தாகேதாவிலிருந்து பஸ் பிடித்து, பபேடானில் கோயிலுக்குச் சொந்தமான மாடி அறைக்கு வந்து, எங்கள் தெருச் சங்கத்தின் செயலாளராக மாறிவிடுவார். கல்யாணத்துக்குப் பாத்திரம் கொடுப்பது, சாவுக்கு ஆள் அனுப்புவது, திருவிழாவில் மோர் ஊற்றுவது, இவ்வளவுதான் சங்கத்தின் ராஜ்ய பாரம்.

ஆனால் அவருடைய தாத்தா வெள்ளைக்காரன் காலத்து முனிசிபல் ஆபீசில் பியூனாக இருந்தவர். அங்கே ஒரு ஸ்காட்லாந்து துரை. துரையின் அப்பா சொந்த ஊரில் டவுன் கிளார்க்காம். ஊரின் பழைய சாசனம், முத்திரை, மினிட் என்கிற கூட்டக் குறிப்பு எல்லாம் டவுன் கிளார்க்கின் காவலில்தான் இருக்குமாம். தலைவர்கள் வருவார்கள், போவார்கள்; டவுன் கிளார்க் எழுதி வைத்ததுதான் ஊராம். துரை பியூனுக்குச் சொன்னதை, பியூன் பேரனுக்குச் சொன்னார். பேரன் அதை எங்கள் தலையில் கட்டினார்.

"மினிட்ல இல்லாதது நடக்கவே இல்ல, தம்பி" என்பார். ரங்கூன் புழுக்கத்தில், லுங்கிக்கு மேலே கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு சொல்வார்.

ஒரு மழைக்காலக் கூட்டத்தில் கூரை ஒழுகி, தண்ணீர் நேராகத் தலைவரின் வழுக்கையில் விழுந்தது. தலைவர் பெயின்ட் கடைக்காரர், பாவம், சாது. நாற்காலியை நகர்த்துவதற்காக எழுந்தார்.

"ஒக்காருங்கய்யா. நாற்காலிய நகத்தத் தீர்மானம் வேணும். யாரு முன்மொழியறது?"

நான் கை தூக்கினேன்.

"வழிமொழியறது?"

மற்றவர்கள் எல்லோரும் சிரிப்பை அடக்குவதில் மும்முரமாக இருந்தார்கள்.

"யோவ், நனையறேன்யா!" என்று தலைவர் அலறினார்.

டவுன் கிளார்க் நிமிராமல், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்: "தலைவர் தாம் நனைவதாகத் தெரிவித்தார். சபை குறித்துக்கொண்டது."

வீட்டில் மட்டும் இந்தச் சட்டம் செல்லாது. அவர் மனைவி மா சான் பர்மாக்காரி. இங்கே ஒரே ஓட்டுத்தான், அது என்னுடையது என்று அந்த அம்மா பர்மிய மொழியில் ஒரு அதட்டல் போட்டால், இவர் "ஹொக்கே, ஹொக்கே" என்று தலையாட்டிவிட்டு மீன் வாங்கப் போவார்.

பிறகு கரண்ட்டும் வேலையும் சேர்ந்து கண்ணாமூச்சி ஆடிய காலம் வந்தது. தெரு காலியாக ஆரம்பித்தது. என் முறையும் வந்தது. ராஜினாமாக் கடிதத்தோடு மாடி ஏறினேன்.

"வாங்கிக்கிறேன். ஆனா ஏத்துக்க முடியாது. கூட்டம் செல்லணும்னா கோரம் அஞ்சு பேரு வேணும்" என்றார்.

"அஞ்சு பேர் இருக்கோமே, அண்ணே!"

"ஒங்க விசயத்துல நீங்களே ஓட்டுப் போட முடியாது, கோ செல்வம். அப்ப நாலுதான். அடுத்த கூட்டத்துல பாப்போம்."

"அடுத்த கூட்டத்துக்கு நான் மெட்ராஸ்ல இருப்பேன்."

"யாபாதே" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். "அதுவரைக்கும் லீவுல இருங்க."

எனக்கு முன்னால் போனவர்களின் ராஜினாமாக்களும் இப்படித்தான் நிலுவையில் கிடக்கின்றன என்பது அப்போதுதான் விளங்கியது.

தாம்பரம் வந்தபின் மாதா மாதம் போன் வரும். "தம்பி, ஒங்க லீவ நீட்டிச்சாச்சு." அவ்வளவுதான், வைத்துவிடுவார். முதலில் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தேன். பிறகு அந்தப் போனுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். இங்கே என்னைப் பர்மிய மரியாதைப்படி பெயருக்கு முன்னால் 'கோ' போட்டுக் கூப்பிட ஆள் இல்லை. டீக்கடையில் வாய் தவறி 'லபெயே' என்று பர்மியப் பெயரில் டீ கேட்டுவிட்டு முழித்திருக்கிறேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

போன வருஷம் ஒரு நாள், போனில் அவர் குரல் இறங்கியிருந்தது.

"வருசக் கூட்டத்துக்கு அஞ்சு பேரு நேர்ல ஒக்காரலேன்னா சங்கம் கலைஞ்சதா ஆயிரும், தம்பி. ரூமைக் கோயிலுக்குத் திருப்பிக் குடுக்கணும். விதி அப்பிடி. இங்க நாங்க நாலு பேருதான்."

அந்த விதியை எழுதிய மகானுபாவர் யார் என்று கேட்கிறீர்களா? சாட்சாத் அவரேதான்.

பின்னாலிருந்து தலைவரின் குரல் கேட்டது: "நாலை அஞ்சுன்னு எழுதித் தொலைய்யா! எவனுக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்ல!" என்றார் டவுன் கிளார்க். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மறுநாளே டிக்கெட் எடுத்துவிட்டேன்.

மாடிப்படி அதே மாதிரி ஆடியது. அதே கறுப்புக் கோட்டு, உள்ளே ஆள்தான் பாதியாக இளைத்திருந்தார். ஓடிவந்து கட்டிக்கொள்வார் என்று நினைத்தேன். "கோ செல்வம் லீவு முடிந்து திரும்பினார்" என்று எழுதி முடித்த பிறகுதான் தலை நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது. அதை மினிட்டில் ஏற்றவில்லை; ஆகவே அது நடக்கவில்லை.

ஐந்து பேரும் உட்கார்ந்தோம். சங்கம் இன்னும் ஒரு வருஷத்துக்குப் பிழைத்தது.

"நிலுவையில ஒங்க ராஜினாமா இருக்கு" என்றார் டவுன் கிளார்க், என் முகத்தைப் பார்க்காமல்.

"வாபஸ் வாங்கிக்கிறேன், அண்ணே."

"வழிமொழியறேன்!" என்று கத்தினார் தலைவர். இந்தத் தடவை அவர் ஒழுகாத இடமாகப் பார்த்து முன்கூட்டியே நாற்காலியைப் போட்டிருந்தார்.

டவுன் கிளார்க் எழுதினார். பேனாவை எடுக்காமலே, "மறுபடியும் லீவு வேணுமா?" என்றார்.

"வேணும்."

"எது வரைக்கும்?"

என் பதிலுக்குக் காத்திராமல் அவரே எழுதினார்: "திரும்பி வரும் வரை."

அந்த ஒரு வரியை நம்பித்தான் நான் தாம்பரத்தில் குடியிருக்கிறேன்.