சும்மா ஒரு கேம்ப்

நான்கு கால்களையும் திருகி முடித்துவிட்டு அருண் சேவியர் நிமிர்ந்தபோது மேசை நின்றது. பெட்டிதான் மூட மறுத்தது.

பெட்டி என்றால் துணி வைக்கும் டிரங்குப் பெட்டி அல்ல. நெடுந்தூரம் பைக்கில் போகிறவர்கள் பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்ளும் அலுமினியப் பெட்டி. லடாக் போவதற்காக அருண் சேவியர் ஒரு ஜோடி வாங்கியிருந்தான். இதுவரை அவை அதிகபட்சமாகப் போனது வில்லியனூரிலிருந்து திருவாண்டார்கோயில் வரைக்கும். அங்கே ஒரு தொழிற்சாலையில், தயாராகி வரும் பொருள்களின் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவன் வேலை.

சொந்த வேலைக்கு அளவெடுக்கும் வழக்கம் அவனிடம் இல்லை. பெட்டியின் மூடியைக் கழற்றினால் மேசைப் பலகை, நான்கு மூலையிலும் குழாய் மாட்டும் கப்ளிங், அவற்றில் திருக நான்கு கால்கள், வேலை முடிந்ததும் கால்களைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தான். கப்ளிங்குகளை மூடியின் உள்பக்கம் பொருத்தியதால் அவை உள்ளே படுத்திருந்த கால்களோடு மோதின. சரி என்று கழற்றி வெளிப்பக்கம் பொருத்தினான். மூடியைக் கவிழ்த்துப் போட்டால் மேசை, சுற்றிலும் விளிம்பு வேறு இருப்பதால் தம்ளர் உருண்டு விழாது. ஆனால் பழைய துளைகள் வழியாக மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும். எம்-சீல் பசை வைத்து அடைத்தான். அது காய்வதற்குள் மூடியைப் போட்டதால் பெட்டியோடு ஒட்டிக்கொண்டது. உளி வைத்துத் திறந்தான்.

கடைசியில் எல்லாம் பொருந்தியது. மூடியின் மேல் நான்கு கப்ளிங்குகளும் பசுவின் காம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. கால்கள் போட்ட பிறகு அந்தப் பெட்டிக்குள் ஒரு கைக்குட்டை வைக்கக்கூட இடமில்லை.

"இன்னாங்க, என் துணி காயப்போடுற ஸ்டாண்டு எங்க?" என்று கேட்டபடி ஆனி மேரி வாசலுக்கு வந்தாள். அவன் மனைவி. பாகூரில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர்.

அருண் சேவியர் மேசையின் கால்களைப் பார்த்தான். அவளும் பார்த்தாள்.

"ஒரு பக்கம்தான் அறுத்தேன்," என்றான்.

"ஒரு பக்கத்துல நிக்கற ஸ்டாண்ட நான் பார்த்ததே இல்ல."

"ஆனி, இது சும்மா மேச இல்ல. கேம்பிங் டேபிள். மடிச்சா பாக்ஸ், பிரிச்சா டேபிள்."

"வூட்டுக்குள்ள ஒரு டேபிள் இருக்குது. அது எப்பவுமே டேபிளாத்தான் இருக்குது."

ஆனி மேரிக்கு அந்தப் பெட்டிகளோடு பழைய பகை. அவற்றை மாட்டியதிலிருந்து பைக் சந்துக்குள் நேராக நுழைவதில்லை. பக்கத்து வீட்டுச் சுவரில் சுண்ணாம்பு உரிந்தது. மாதா தேர் வந்த அன்று, தேர் தூக்கியவர்கள் நின்று பைக்கை நகர்த்திவிட்டுப் போனார்கள். அதைத் தெருவே பார்த்தது. பெட்டிகளை விற்றுவிடச் சொல்லி அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவனுக்கோ அந்தப் பெட்டிகளை இழக்க மனமில்லை. பெட்டி இருக்கும் வரைதான் அது லடாக் போகவிருக்கும் பைக். பெட்டி போய்விட்டால் அது வேலைக்குப் போய்வரும் பைக், அவனும் வேலைக்குப் போய்வரும் ஆள்.

"ஒரே ஒரு சான்சு குடு," என்றான். "ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் கெளம்பறோம். தண்ணிக்கரையா பார்த்து ஒரு எடம். இந்த டேபிள்ல நீயும் நானும் நிம்மதியா ஒரு வேள டிபன் சாப்பிடறோம். அப்புறம் சொல்லு."

"நிம்மதியா சாப்பிட்டா?"

"பாக்ஸ் வூட்ல இருக்கும். நீ ஒரு வார்த்த பேசக் கூடாது."

"சாப்பிட முடியலன்னா?"

"அன்னைக்கே லியோ பிரகாஷுக்குக் குடுத்துடறேன். கம்பெனில பார்க்கறப்பல்லாம் கேட்டுனே இருக்கான்."

"மாதா மேல சத்தியமா?"

"சத்தியமா."

ஆனி மேரி சற்று யோசித்தாள். "அப்ப எடம் நான் சொல்றேன். பாகூர் ஏரிக்கரை."

பக்கத்திலேயே ஊசுட்டேரி இருக்க, அவளே இவ்வளவு தூரம் போகலாம் என்கிறாளே என்று அருண் சேவியர் மகிழ்ந்து போனான்.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரை அவன் நினைத்ததைவிட அழகாக இருந்தது. தண்ணீர் நிறைந்து கிடந்தது. நாரைகள் நின்றன. மனித நடமாட்டம் இல்லை. அருண் சேவியர் மூடியைக் கழற்றி, கால்களைத் திருகி, கவிழ்த்து நிறுத்தினான். மேசை ஆடவில்லை. இரண்டு மடக்கு ஸ்டூல்களைப் போட்டான். மற்றொரு பெட்டியிலிருந்து இட்லியும் வடகறியும் பிளாஸ்கும் வந்தன.

"இன்னா சொல்ற?" என்றான்.

"இன்னும் சாப்பிடலியே," என்றாள் ஆனி மேரி.

அவள் முதல் இட்லியைப் பிட்டபோது கரைமேல் ஒரு அம்மாள் வந்து நின்றாள். இடுப்பில் மஞ்சப்பை. பெயர் மணியம்மாள் என்று பிறகு தெரியவந்தது.

"சார், இது இன்னா கேம்ப்?"

தன் மேசையைப் பார்த்ததுமே ஒரு கிராமத்து அம்மாளுக்கு கேம்ப் என்று புரிந்துவிட்டதில் அருண் சேவியருக்குப் பெருமை தாங்கவில்லை. "ஆமாம்மா, கேம்ப்தான்."

"கண்ணு கேம்பா? மஞ்ச ரேஷன் கார்டை செவப்பு கார்டா மாத்தறதா?"

"அதெல்லாம் இல்லம்மா. இது சும்மா கேம்ப்."

மணியம்மாள் கண்கள் விரிந்தன. கரைக்கு அந்தப்பக்கம் திரும்பிக் கையைக் குவித்தாள். "ஏ புவனேஸ்வரி! எல்லாரையும் வரச் சொல்லு! துட்டு இல்லியாம்! சும்மா செய்றாங்களாம்!"

அந்தப்பக்கமிருந்து தலைகள் எழும்பின. முதலில் நாலைந்து பேர், பிறகு அவர்கள் வீட்டார், பிறகு அவர்களைப் பார்த்தவர்கள். எல்லார் கையிலும் பிளாஸ்டிக் உறை, உள்ளே ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், போட்டோ. இவ்வளவு தயாராக இந்த ஊரில் எல்லாரும் திரிவார்களா என்று அருண் சேவியர் ஆச்சரியப்பட்டான்.

"யாரும்மா உங்களுக்கு இங்க கேம்ப்னு சொன்னது?"

"எல்லாருந்தான் சொல்றாங்க," என்றாள் மணியம்மாள்.

"நாங்க டிபன் சாப்பிட வந்தவங்க."

"சாப்பிடு சார். ஆபீசருன்னா வயிறு இல்லியா? நாங்க நிக்கறோம்."

நின்றார்கள். ஒருவர் பின் ஒருவராக ஒழுங்காக நின்று, அவன் கை தட்டிலிருந்து வாய்க்குப் போவதை மரியாதையோடு பார்த்தார்கள். இட்லி தொண்டையிலேயே நின்றது.

"எனக்கு எறங்கல," என்றாள் ஆனி மேரி, தட்டைக் கீழே வைத்தபடி.

பெட்டிகள் கை நழுவுவதை அருண் சேவியர் உணர்ந்தான். எழுந்து நின்று சொன்னான், "கேம்ப் முடிஞ்சிடிச்சி. எல்லாரும் போங்க."

அது பெரிய தவறு. வரிசையின் நடுவிலிருந்து வெள்ளைச் சட்டை போட்ட சுப்புராயன் என்பவர் முன்னால் வந்தார். எந்தக் கட்சி என்று தெரியவில்லை, ஆனால் ஏதோ ஒரு கட்சி என்பது நடையிலேயே தெரிந்தது.

"எப்பிடி முடியும்? இப்பத்தான் டேபிள் போட்டீங்க. ஒருத்தருக்குக்கூட எழுதல. டிபன் சாப்பிட்டுப் போறதுக்குப் பேரு கேம்பா? ஜனங்களை இன்னான்னு நெனச்சினு இருக்கீங்க?" அவர் திரும்பிக் கையை உயர்த்தினார். கூட்டம் கோஷம் போடத் தயாரானது.

"முடியல, முடியல! கேம்ப் நடக்கும்!" என்று கத்தினான் அருண் சேவியர். கைதட்டல் கிடைத்தது.

வேறு வழி தெரியாமல் மேசையைப் பிரித்துப் பைக்கில் போட்டு ஓடிவிடலாம் என்று ஒரு காலைக் கழற்றினான். வெயிலுக்கு இடம் மாற்றுகிறார்கள் என்று புரிந்துகொண்ட கூட்டம் உதவிக்கு வந்தது. ஒருவர் மூடியைத் தூக்கினார், ஆளுக்கொரு காலை எடுத்தார்கள். மதகுப் பக்கம் ஒரு புங்கமரத்தடியில் மேசை மறுபடி நின்றது. டீக்கடையிலிருந்து நாற்காலிகள் வந்தன. ஒரு கால் மட்டும் வரத் தாமதமானது. அதை வைத்து யாரோ மாடு ஓட்டிக்கொண்டிருந்தார்.

"பாவங்க, இவ்ளோ தூரம் வந்துட்டாங்க," என்றாள் ஆனி மேரி. "மனுவாச்சும் எழுதிக் குடுக்கறேன். திங்கக்கெழம அவங்களே கொண்டுபோய்க் குடுக்கட்டும்." கைப்பையைத் திறந்தாள். பேனாக்கள், ஒரு கட்டு வெள்ளைத்தாள், ஸ்டேப்ளர் எல்லாம் வந்தன. டீச்சர் பையில் எதுதான் இருக்காது என்று அருண் சேவியர் நினைத்துக்கொண்டான்.

அவள் உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். காற்று வீசியும் ஒரு தாள் பறக்கவில்லை. மேசையின் விளிம்பு எல்லாவற்றையும் பிடித்து நிறுத்தியது. இப்படி ஒரு மேசையை எந்த கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்திலும் பார்த்ததில்லை என்று சுப்புராயன் பாராட்டினார். அந்தப் பாராட்டு வேறொரு நாளில் வந்திருக்கலாம்.

தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று அருண் சேவியர் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றான். உடனே அவனைக் காவலுக்கு வந்தவன் என்று முடிவுசெய்து, "செக்யூரிட்டி, நடுவுல பூர்றாங்க பாரு!" என்று பலர் புகார் செய்தார்கள். அவன் போய் வரிசையைச் சரிசெய்தான்.

அப்போது சிவப்புத் தொப்பி வைத்த போலீஸ்காரர் ஒருவர் வந்து வண்டியை நிறுத்தினார். அனுமதி இல்லாமல் கூட்டம், அரசு ஆள் மாதிரி வேஷம், அதுவும் ஹெல்மெட்டோடு. நாளைக் காலை வேலை இருக்குமா என்று அருண் சேவியர் கவலைப்பட்டான்.

"யாரு நடத்தறது இது?"

"சும்மா செய்றாங்க சார்!" என்றது கூட்டம், ஒரே குரலில்.

போலீஸ்காரர் மேசையைப் பார்த்தார், ஆனி மேரியின் கையெழுத்தை எட்டிப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"எங்க மாமியாருக்கு முதியோர் பென்ஷன் நின்னு போச்சி. அதுக்கும் எழுதுவீங்களா மேடம்?"

"லைன்ல வாங்க சார்," என்றாள் ஆனி மேரி.

அவர் வரிசையின் கடைசியில் போய் நின்றார். வரிசை அதன் பிறகு இன்னும் நீண்டது. போலீஸே நிற்கிற கேம்ப் என்றால் கட்டாயம் அரசாங்க கேம்ப்தான் என்று சாலையில் போனவர்களும் இறங்கி வந்தார்கள்.

வெயில் உச்சிக்கு வந்தபோது கூட்டம் கரைந்தது. போகும்போது ஆனி மேரியின் கையைப் பிடித்து, நல்லா இருக்கணும் என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள். அருண் சேவியரைப் பார்த்து, "வரட்டா செக்யூரிட்டி," என்றார்கள்.

அவன் ஏரிக்கரைக்குப் போய்ப் பார்த்தான். இட்லிப் பாத்திரத்துக்குள் ஓர் ஆடு தலையை விட்டிருந்தது. வடகறி முன்பே முடிந்திருந்தது.

மரத்தடிக்குத் திரும்பி ஆனி மேரிக்கு எதிரில் உட்கார்ந்தான். மேசை இருவருக்கும் நடுவே அசையாமல் நின்றது. அவ்வளவு நன்றாகச் செய்த மேசை. அவனுக்கு அழுகையே வந்தது.

"நிம்மதியா ஒரு இட்லி சாப்பிட முடியல," என்றான்.

"அதுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க? ஜனங்க கேம்ப்னு நெனச்சிட்டாங்க. உங்க மேல தப்பு இல்ல."

"இல்ல ஆனி. சத்தியம் சத்தியந்தான்."

"அவசரப்படாதீங்க. நல்லா யோசிச்சி முடிவு பண்ணுங்க. நான் ஒண்ணும் சொல்லல."

அந்தப் பெருந்தன்மைதான் அவனை உருக்கிவிட்டது. காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் ஊராருக்கு எழுதிக் கொடுத்தவள், பெட்டியைக் கொடுத்துவிடு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவளுக்காக ஒரு ஜோடிப் பெட்டியை விடக் கூடாதா? அங்கேயே போனை எடுத்து லியோ பிரகாஷை அழைத்தான். சாயங்காலமே வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னான். லடாக்கைப் பற்றி லியோ பிரகாஷ் ஏதோ கேட்டான். "அது பார்க்கலாம்பா," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.

ஆனி மேரி ஸ்டேப்ளரைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அந்த நேரம் கூரையில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று கரைமேல் ஏறி வந்து நின்றது. ஆனி மேரியின் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் சாமிக்கண்ணு இறங்கினார். காலையிலிருந்து கத்தியதில் அவர் குரல் கட்டிப்போயிருந்தது. காலி நாற்காலிகளைப் பார்த்து அவர் முகம் வாடியது.

"இன்னா டீச்சரம்மா, ஆளே காணோம்? நீங்க சொன்ன மாரியே செலியமேடு பூரா மைக்குல கேம்ப்னு சொல்லிட்டேனே, போதலன்னா குருவிநத்தம் பக்கமும் ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வரட்டா?"