மாணவர்களைக் கழித்துவிட்டால்

எங்கள் பென்ரோஸ் மாவட்டத்தில் மான்கள் உண்டு, நரிகள் உண்டு, கழித்தல்காரர்களும் உண்டு. முதல் இரண்டையும் பார்க்கக் காட்டுக்குப் போகவேண்டும். மூன்றாவது இனத்துக்கு அவ்வளவு அலைச்சல் வேண்டாம். பொது இடத்தில் நின்று 'ஏழை' என்று ஒருமுறை சொல்லுங்கள், தானாக ஓடி வரும்.

எங்களிடம் உள்ள கழித்தல்காரர்களில் முதிர்ந்தவர், ஓய்வுபெற்ற பொருளாதாரப் பேராசிரியர் ஆல்டன் விட்கோம்ப். முழங்கையில் தோல் ஒட்டிய கோட்டு, சத்தம் போடாத மின்சாரக் கார், வீட்டு வாசலில் 'எல்லோரும் வருக' என்று ஏழு மொழிகளில் எழுதிய பலகை. (எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்று கேட்காதீர்கள்.) மாவட்டத்தில் நூற்றுக்கு இருபத்தெட்டுப் பேர் வறுமைக்கோட்டுக்குக் கீழே என்று மக்கள்தொகைக் கணக்கு சொன்னால் அவர் பதறமாட்டார்.

"அதெல்லாம் நம்ம பல்கலைக்கழகப் பசங்க சார். அப்பா பணம் அனுப்புறார், இவன் பீட்சா தின்னுட்டு வருமானம் இல்லைன்னு எழுதிக் குடுக்குறான். அவங்களைக் கழிச்சுட்டுப் பாருங்க!"

கழித்தார்கள். வறுமை போயே போய்விட்டது. ஒரு பென்சிலில் வறுமையை ஒழித்த ஊர் உலகத்தில் வேறு உண்டா?

அவர் சொல்வதில் பாதி உண்மைதான். மறுபாதியில்தான் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். வருமானத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் அவர் யாரையும் கழிப்பதில்லை. பல்கலைக்கழகக் கால்பந்துப் பயிற்சியாளரின் கோடிக்கணக்கான சம்பளத்தைத் தூக்கிச் சராசரியில் போட்டு, "நாம வசதியான மாவட்டம்" என்பார்.

போன மார்ச்சில், வசதியில்லாதவர்கள் தகரப் பெட்டி வீடுகளில் வாழும் மில் ரோட்டு டிரெய்லர் குடியிருப்புக்குப் போகும் ஏழாம் எண் பேருந்தை நிறுத்தலாமா என்று மாவட்டக் குழு கூடியது. விட்கோம்ப் வண்ண வரைபடத்தோடு வந்தார். அந்தப் பகுதியில் பாதிக்குமேல் மாணவர் குடியிருப்புகள். ஆகையால் பகுதி முழுவதையும் 'மாணவர்' என்று கழித்திருந்தார். ஏழைகளே இல்லாத இடத்துக்குப் பேருந்து எதற்கு?

டார்லா ஸ்டக்கி எழுந்தார். ஐம்பத்திரண்டு வயது, பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் காலைச் சமையல், கார் கிடையாது. ஆறு மணி வேலைக்கு அந்தப் பேருந்துதான்.

"புரொபசர், நான் எந்த வருசம் படிக்கிறேன்?"

"என்னம்மா கேக்குறீங்க?"

"உங்க படத்துல என் வீடு மாணவர் வீடுன்னு இருக்கே. பரீட்சை எப்பன்னு சொன்னா நானும் படிச்சுட்டு வருவேன்ல?"

கூடம் சிரித்தது. விட்கோம்பும் சிரித்தார்.

"தனித்தனி ஆளா பாத்துக் கணக்குப் போட முடியாதும்மா."

"பதினொரு வருசமா உங்களுக்கு முட்டை பொரிச்சுக் குடுக்குறேன். ரெண்டு பக்கமும் வேகணும், மஞ்சக்கரு உடையக் கூடாது. அப்ப மட்டும் தனி ஆளா பாத்துத்தானே கேட்டீங்க? அந்த பஸ்ஸு நின்னா நான் எப்படி சார் வேலைக்கு வர்றது?"

அருமையான கேள்வி என்று தலைவர் பாராட்டினார். பிறகு நான்குக்கு ஒன்று என்ற வாக்கில் பேருந்தை நிறுத்தினார்கள்.

டார்லா வேலையை விடவில்லை. விட்டால் சாப்பாடு? நாலரை மணிக்குக் கிளம்பி, நடைபாதை இல்லாத நெடுஞ்சாலை ஓரமாக நான்கு மைல் நடக்கிறார். லாரி வந்தால் பள்ளத்தில் இறங்கி நின்றுகொள்கிறார்.

மாவட்டத்தின் இந்த ஆண்டு அறிக்கை வந்துவிட்டது. விட்கோம்ப் எழுதியதுதான்: 'வேலைக்கு நடந்து செல்வோர் எண்ணிக்கை உயர்ந்துள்ளது. உடல்நலத்தில் அக்கறை கொண்ட மாவட்டம் நம்முடையது.'

கவனித்தீர்களா? இங்கே டார்லாவைக் கழிக்கவில்லை.

இவ்வளவு நேரம் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டு படித்தீர்கள், மகிழ்ச்சி. உங்கள் ஊரில் ஏழைகள் உண்டா என்று யாராவது கேட்டபோது, "அவங்க நம்ம ஊர்க்காரங்க இல்லீங்க, பொழைக்க வந்தவங்க" என்று நீங்கள் சொன்னதே இல்லையல்லவா? நம்புகிறேன். அப்படியானால் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: இன்று காலை உங்கள் தட்டைக் கழுவி வைத்தவர், வேலைக்கு எப்படி வந்து சேர்ந்தார்?