மின்னலம்மனின் பிளக்

வெள்ளிக்கிழமையானால் மலேசியாவின் பூச்சோங்கில் அந்தத் தெருவில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. கார் கழுவும் கடைக்கு மேல்மாடியில் மின்னலம்மன் குடியேறியிருக்கிறாள். வாடகைக்குத்தான். பூசாரியின் பெயர் மின்னல் சித்தர்; போன வருடம் வரை தண்ணீர் ஃபில்ட்டர் விற்றவர். மஞ்சள் நீர் தெளித்த ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று, மந்திரம் முடியும்வரை செம்புச் சூலத்தைப் பிடிக்க வேண்டும். கை ஜிவ்வென்று இழுத்தால் அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று அர்த்தம். எல்லோருக்கும் இழுத்தது. உண்டியல் வைத்த அம்மன் யாரைத்தான் திருப்பி அனுப்புவாள்?

ஓய்வுபெற்ற லோரி டிரைவர் சபாபதியும் பிடித்தார். பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாட்டின் நடுவே ஒருமுறை செத்துப் பிழைத்தவர். அதன்பிறகு டாக்டர்கள் அவர் நெஞ்சுத் தோலுக்கடியில் ஒரு சின்ன மெஷினை வைத்தார்கள். இதயம் தறிகெட்டு ஓடினால் ஷாக் கொடுத்து உயிரைக் காப்பாற்றும். மந்திரம் பாதியில் இருக்கும்போதே குதிரை உதைத்த மாதிரி நெஞ்சில் விழுந்தது அடி. மனிதர் சுருண்டு விழுந்தார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"அம்மாவுக்கு உன் மெஷின் பிடிக்கல. நிறுத்தச் சொல்லிடு. இல்லாட்டி மறுபடி அடிப்பா," என்றார், மெஷின் விஷயத்தைக் கேட்டறிந்த சித்தர்.

சபாபதி ஆஸ்பத்திரிக்குப் போனார், நிறுத்தச் சொல்லத்தான். மனைவி புஷ்பவல்லியும் கூடவே போனார். டாக்டர் சுதர்சினி மெஷினைச் சோதித்தார்.

"அங்கிள், உங்க ஹார்ட் அப்ப ஒழுங்காத்தான் அடிச்சிருக்கு. வெளியேருந்து கரண்ட் உடம்புல ஏறியிருக்கு. அதை ஹார்ட்டோட தறிகெட்ட துடிப்புன்னு நெனச்சு மெஷின் ஏமாந்து ஷாக் குடுத்திருச்சு. இதை நிறுத்திட்டா, நெசமாவே ஹார்ட் தறிகெட்டு ஓடுறப்ப யாரு காப்பாத்துவா? அன்னைக்கு எதைத் தொட்டீங்க?"

"அம்மன் சூலத்தை. அவ கோவத்துக்கு மெஷின் தாங்குமா டாக்டர்? நிறுத்திடுங்க."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்க," என்றார் புஷ்பவல்லி. "நான் அம்மாகிட்டயே கேட்டுடறேன்."

வெள்ளிக்கிழமை கணவரை வாசலிலேயே நிறுத்திவிட்டு, வரிசையில் முதல் ஆளாக நின்றார்.

"சாமி, எங்களை வெறுங்காலோட நிக்கச் சொல்றீங்க. நீங்க மட்டும் கட்டைச்செருப்பு போட்டிருக்கீங்க. கழட்டிட்டு ஒரு தடவை நீங்க பிடிங்க லா."

"சித்தர் பாதம் தரையில படக்கூடாதும்மா!"

"படவே வேணாம். மரத்துல கரண்ட் ஏறாதுன்னு சித்தருக்குத் தெரியாதா!"

புஷ்பவல்லி பீடத்துக்குப் பின்னால் தொங்கிய சிவப்புப் பட்டுத் திரையை விலக்கினார். சூலத்தின் அடியிலிருந்து ஒரு ஒயர் சுவர் பிளக்குக்குப் போயிருந்தது. பிடுங்கினார்.

"இப்ப எல்லாரும் பிடிங்க!"

ஒவ்வொருவராகப் பிடித்தார்கள். ஒருவருக்கும் இழுக்கவில்லை. தரையில் படக்கூடாத பாதம் அதற்குள் பின்படிக்கட்டில் வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்தது. ஓடும் அவசரத்திலும் சித்தர் உண்டியலை மறக்கவில்லை.

"அம்மா கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா லா," என்றார் வரிசையில் ஒருவர்.

"கோவமில்ல பாஸ், பிளக்கைப் பிடுங்கியாச்சு," என்றார் வாசலில் நின்ற சபாபதி. நல்லவேளை, அவர் மெஷின் நெஞ்சிலேயே இருக்கிறது, ஓடிக்கொண்டும் இருக்கிறது.

எங்கிருந்தோ வந்த கரண்டை நம்பி அந்த மெஷின் ஒருமுறை ஏமாந்தது. பாவம், அதற்கு மூளை கிடையாது. வாராவாரம் வரிசையில் நின்றவர்களே, உங்களுக்கு?