தோள் கொடுக்க ஆள் இருக்கா?

திட்டுவதற்கு எல்லாம் தயாராக இருந்தது. வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

மறுநாள் கால்பந்து இறுதிப்போட்டி. சிவப்பு அணியும் நீல அணியும் மோதுகின்றன. அந்த மூக்குக் கண்ணாடிக் கடையில் உள்ளே உட்கார்ந்து லென்ஸ் வெட்டுகிறவர் நீலம். முன்மேசையில் நின்று ஃபிரேம் எடுத்துக் காட்டுகிறவர் சிவப்பு. லென்ஸ்காரர், ஃபிரேம்காரர் என்றுதான் கடையில் அவர்களுக்குப் பெயர். அரையிறுதி முடிந்ததிலிருந்து இரண்டு பேருக்கும் வாய் ஓயவில்லை.

"உங்க கோல்கீப்பரை ஒரு நாள் கூட்டிட்டு வாய்யா. நல்ல பவர் கண்ணாடியா பாத்துப் போட்டு விடறேன்" என்பார் ஃபிரேம்காரர்.

"உங்காளுங்களுக்குக் கண்ணாடி பத்தாதுய்யா. கையைப் பிடிச்சு கோல் போஸ்ட் வரைக்கும் கூட்டிட்டுப் போக ஆள் வேணும்" என்பார் லென்ஸ்காரர்.

அன்று லென்ஸ்காரர் நீல ஜெர்சியோடு முதல் ஆளாக வந்து, கண் பரிசோதிக்கும் அட்டையின் அடியில், எறும்பே கண்ணாடி போட்டுப் படிக்கவேண்டிய எழுத்தில், 'சிவப்பு அணி போடப்போகும் கோல்கள்' என்று எழுதி ஒட்டியிருந்தார். அதைப் பார்த்து ஃபிரேம்காரரின் முகம் போகிற போக்கைப் பார்க்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் இன்னைக்கு லீவு. வீட்ல ஏதோ வேலையாம்" என்றார் கேஷியர். கேஷியரும் சிவப்புதான். ஆனால் அதிகம் வாய் திறக்காத சிவப்பு.

"வேலையாவது ஒண்ணாவது! பயம்! நாளைக்கு அடக்கம், இன்னைக்கே போய்ப் படுத்துட்டாரு!"

விட்டுவிட்டு வேலையைப் பார்த்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? லென்ஸ்காரர் ஃபிரேம்காரருக்குப் போன் போட்டார். மறுமுனையில் எடுத்ததும், யார் என்றுகூடக் கேட்காமல் ஆரம்பித்தார்:

"என்ன, எப்ப எடுக்கறீங்க? தோள் குடுக்க ஆள் இருக்கா, இல்ல நாங்கதான் வந்து தூக்கணுமா?"

"சாயங்காலம் எடுக்கறோம்ண்ணே" என்றது ஒரு பெண் குரல். ஃபிரேம்காரரின் மனைவி. தொண்டை கட்டியிருந்தது. "வண்டிக்குச் சொல்லியாச்சு."

லென்ஸ்காரரின் சிரிப்பு பாதி வழியில் நின்றது.

"மாடியில எங்க மாமனார் ரூம்லதான் இருக்கு. படி குறுகல். திருப்பி எறக்கவே முடியல, நாலு பேராவது வேணும். இவரு ராத்திரி பூரா தூங்கல, பச்சைத் தண்ணி பல்லுல படல. இத்தனை வருஷம் இருந்துட்டு, இனிமே இந்த வீட்ல இல்லன்னு நெனச்சா..." மூக்கை உறிஞ்சினாள். "யாரும் எட்டிப் பாக்கலையேன்னு இருந்தோம். நீங்களா போன் பண்ணித் தோள் குடுக்க வரவான்னு கேட்டீங்களே, அதுவே பெருசுண்ணே."

"வ... வர்றேம்மா."

போனை வைத்தவர் லென்ஸ் வெட்டும் இயந்திரத்தின் முன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஃபிரேம்காரரின் அப்பா போய்விட்டார். அந்த வீட்டுக்குப் போன் போட்டு, எப்ப எடுக்கறீங்க என்று கேட்டிருக்கிறோம். சிரித்துக்கொண்டே வேறு! காதுமடல் இரண்டும் தீயாய்ச் சுட்டன. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அதுவோ டைல்ஸ் போட்ட தரை.

"என்னவாம்?" என்றார் கேஷியர்.

"அவங்க அப்பா... போயிட்டாரு போல."

தான் என்ன கேட்டோம் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. அங்கேதான் சறுக்கல் தொடங்கியது.

முதலாளியம்மா பதறிக்கொண்டு வந்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போன்... போன் பண்ணினேன்."

"பாத்தீங்களா!" முதலாளியம்மாவின் கண் கலங்கியது. "நாள் பூரா அடிச்சுக்குவீங்க. ஒரு நாள் அந்த மனுஷன் வரலேன்னதும் மொத ஆளா விசாரிச்சிருக்கீங்க. உங்களைப் போய் வாயாடின்னு நெனச்சேனே!"

செருப்பால் அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. லென்ஸ்காரர் எழுந்து பரிசோதனை அறைக்கு ஓடி, யாரும் பார்ப்பதற்குள் ஒட்டிய சீட்டைக் கிழிக்கப் பார்த்தார். பசை நல்ல பசை. சீட்டோடு அட்டையின் பாதியும் கையோடு வந்துவிட்டது. பின்னாலேயே வந்த முதலாளியம்மா, "பாவம், துக்கத்துல என்ன செய்யறோம்னே தெரியல" என்று முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

பிறகு அவரே ஃபிரேம்காரருக்குப் போன் போட்டு எல்லோரும் கேட்கும்படி வைத்தார்.

"அம்மா..." ஃபிரேம்காரருக்கு மூச்சு வாங்கியது. "இப்ப பேச முடியலம்மா... எறக்கிட்டிருக்கோம்... அடேய், தலைப்பக்கம் பாத்துடா! அப்புறம் பேசறேம்மா."

முதலாளியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மதியத்தோடு கடைக்கு விடுமுறை என்றார். 'எங்கள் ஊழியரின் தந்தையார் மறைவை ஒட்டி' என்று கதவில் எழுதி ஒட்டும் வேலை, கையெழுத்து நன்றாக இருப்பதால், லென்ஸ்காரருக்கே வந்தது.

இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

"ஒண்ணும் பேசாதீங்க. உங்க மனசு எனக்குப் புரியுது" என்றார் முதலாளியம்மா.

அதற்குள் கேஷியர் சிவப்பு அணி ரசிகர் குழுவுக்குச் செய்தி அனுப்பிவிட்டார். தெருமுனையில் காலையிலிருந்து முழங்கிக்கொண்டிருந்த மேளம் நின்றது. கொடிகள் அரைக்கம்பத்துக்கு இறங்கின. எதிரணி என்றும் பாராமல் முதலில் விசாரித்த உத்தமர் யார் என்பதும் அந்தச் செய்தியில் இருந்தது. ஜன்னல் வழியே நான்கைந்து சிவப்பு ரசிகர்கள் லென்ஸ்காரரைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அவர் தரையைப் பார்த்தார்.

தரையைப் பார்த்தபோதுதான் நடுவில் தன் நீல ஜெர்சி கண்ணில் பட்டது. துக்க வீட்டுக்கு இதைப் போட்டுக்கொண்டா போவது? எதிர்த்த துணிக்கடைக்கு ஓடினார்.

"வெள்ளைச் சட்டை இருக்கா?"

"இறுதிப்போட்டி நேரத்துல ஜெர்சி மட்டும்தான் சார் எடுத்து வெச்சிருக்கோம்" என்றான் கடைக்காரன். அவர் வயிற்றை ஒரு பார்வை பார்த்தான். "உங்க அளவுக்குச் சிவப்புதான் பாக்கி."

லென்ஸ்காரர் கண்ணை மூடிக்கொண்டார். காலையில் பேசிய பேச்சுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி? பிறந்ததிலிருந்து நீலமாக இருந்த உடம்பில் சிவப்பை மாட்டிக்கொண்டார். தோல் அரிப்பது போலிருந்தது.

ஃபிரேம்காரரின் வீட்டு வாசலில் பின்கதவு திறந்தபடி வண்டி நின்றது. கூடம் துடைத்துவிட்டாற்போல் காலி. திரைச்சீலை இல்லை, சுவரில் படங்கள் இல்லை, நாற்காலி இல்லை. துக்கத்துக்கு வருகிறவர்கள் உட்கார ஒழித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார் லென்ஸ்காரர். பின்னால் முதலாளியம்மா கையில் மலர்வளையம். அவருக்குப் பின்னால் கேஷியர். தெருவை அடைத்துக்கொண்டு சிவப்பு ரசிகர்கள், தலை குனிந்து, சத்தமில்லாமல்.

ஃபிரேம்காரர் வியர்வையில் குளித்து, கண் சிவந்து, அழுக்குத் துண்டோடு படியடியில் நின்றுகொண்டிருந்தார். கூட்டத்தைப் பார்த்து வாய் பிளந்தார்.

"இத்தனை பேரா? நாலு பேர்தானே கேட்டா என் வீட்டுக்காரி!" பிறகு லென்ஸ்காரரின் உடம்பைப் பார்த்தார். "யோவ், இது என்னய்யா சிவப்பு?"

அவ்வளவுதான். லென்ஸ்காரர் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டார்.

"என்னை மன்னிச்சிடுய்யா! காலையில நான் போன்ல கேட்டது அக்கறையில இல்ல. கிண்டல்! உங்க அணியைப் பொணம்னு நெனச்சுக் கேட்டேன்!"

முதலாளியம்மா மலர்வளையத்தோடு ஓரடி பின்வாங்கினார். லென்ஸ்காரர் நிறுத்தவில்லை. சீட்டு ஒட்டியது, அட்டை கிழிந்தது, உத்தமர் பட்டத்தை வாய் மூடி வாங்கிக்கொண்டது என்று எல்லோருக்கும் கேட்கும்படி ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தார்.

"நான் மனுஷனே இல்லய்யா. கப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம். நாளைக்கு உங்க அணியே ஜெயிக்கட்டும்."

அதைக் கேட்டு ஃபிரேம்காரருக்கே கண் கலங்கிவிட்டது. "அட விடுய்யா. இந்த நேரத்துல வந்து நின்னியே, அது போதும்."

"ஒரே ஒரு ஆசை" என்று விசும்பினார் லென்ஸ்காரர். "அப்பா முகத்தைக் கடைசியா ஒரு தடவை பாத்துக்கறேன்."

மாடிப்படியின் மேலிருந்து ஒரு கிழக்குரல் இறங்கி வந்தது:

"இதோ, நல்லாப் பாத்துக்குங்க தம்பி. பாத்துட்டு மேல வந்து பீரோவோட அந்த முனையைப் பிடிங்க. கட்டில்கூட எறங்கிடுச்சு, புது வீட்டுக்கு இது ஒண்ணுதான் போகணும்."