மாமியாரின் சொட்டு மருந்தும் என் வலது கண்ணும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் படித்தது பன்னிரண்டாம் வகுப்பு, அதையும் இரண்டாவது தடவைதான் தாண்டினேன். ஆனாலும் எங்கள் வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும் நான்தான் டாக்டர். ஃபிரிட்ஜ் கதவில் முட்டைக்குக் கீழே இருக்கும் தட்டுதான் என் மருந்துக்கடை. யாரோ எப்போதோ போட்டு மிச்சம் வைத்ததெல்லாம் அங்கே இருக்கும்.

புதுப்பட்டினம் மார்க்கெட்டில் எனக்கு மீன்கடை. மீனின் கண் பளிங்கு மாதிரி இருந்தால் புதுசு, பால் படிந்திருந்தால் பழசு. கண்ணை ஒரு தடவை பார்த்தால் போதும், சொல்லிவிடுவேன். (இந்தப் பெருமைதான் பின்னால் என் காலை வாரியது.)

ஒரு நாள் காலையில் என் வலது கண் செக்கச்செவேலென்று இருந்தது. நீர் கொட்டியது. வெளிச்சம் குத்தியது.

"ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வாய்யா" என்றாள் என் மனைவி செல்வி.

"மெட்ராஸ் ஐ தானே? இதுக்கு இன்னாத்துக்கு டாக்டரு?" என்று ஃபிரிட்ஜைத் திறந்தேன். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு மாமியார் போட்ட சொட்டு மருந்து பாதி பாட்டில் இருந்தது. அது கண்ணுக்கான மருந்து, என்னுடையதும் கண். வேறென்ன வேண்டும்?

இரண்டே நாளில் சிவப்பு குறைந்தது, வலியும் போயிற்று. மாமியாருக்கே போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன். பார்வை மட்டும் புகையடித்த மாதிரி இருந்தது. ஆறும்போது அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சர்டிபிகேட் கொடுத்துவிட்டு, சொட்டு மருந்தைத் தொடர்ந்து போட்டுக்கொண்டு, கூலிங் கிளாஸோடு ஒரு வாரம் வியாபாரம் பார்த்தேன்.

அப்போதுதான் நசீமா அக்கா வந்தார். பக்கத்துத் தெருவில் இட்லி, தோசை விற்கும் நாஸ்தா கடை வைத்திருப்பவர், என் வாடிக்கை. ஒரு சங்கரா மீனைப் புரட்டிப் பார்த்து, "இன்னாபா, பழசா?" என்றார்.

என் தொழிலையே சந்தேகப்பட்டால் விடுவேனா? கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டு மீனை என் முகத்துக்குப் பக்கத்திலேயே தூக்கிப் பிடித்தேன். "கண்ணப் பாருக்கா! பாத்துட்டுப் பேசு!"

அக்கா மீனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மீன் கண்ணு பளிச்னு கீது. உன் கண்ணுதான்பா நாலு நாள் ஐஸ்ல கெடந்த மாதிரி கீது."

மார்க்கெட்டே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "எயுந்திரு. செங்கல்பட்டு போலாம்."

"யாவாரம் கீதுக்கா..."

"கண்ணு போச்சுன்னா இன்னாத்த யாவாரம் பண்ணுவ?"

தன் கடையை மூடிவிட்டு என்னை பஸ்ஸில் ஏற்றினார்.

செங்கல்பட்டில் கண் டாக்டர், சின்ன வயசுப் பெண், பஞ்சுத் திரியால் என் கருவிழியைத் தொட்டாராம். எனக்குத் தெரியவே இல்லை. அப்புறம் ஒரு மஞ்சள் மருந்தை விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தார்.

"இதுக்கு ஏதாவது மருந்து போட்டீங்களா?"

"சொட்டு மருந்து மேடம்."

"யாருக்கு எழுதிக் குடுத்தது?"

"மாமியாருக்கு."

"நீங்க மாமியாரா?"

நசீமா அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

இது மெட்ராஸ் ஐ இல்லையாம். உதட்டோரம் கொப்புளம் வரவைக்கும் ஹெர்பிஸ் வைரஸ், என் கருவிழியில் மரக்கிளை மாதிரி புண் போட்டிருந்தது. மாமியாரின் மருந்தில் இருந்த ஸ்டீராய்டு சிவப்பை மறைத்துவிட்டு வைரஸை நன்றாக வளரவிட்டிருக்கிறது. வலி போனது கண் ஆறியதால் அல்ல, கருவிழி மரத்துப்போனதால். "இன்னும் லேட்டா வந்திருந்தா பார்வையே போயிருக்கும்" என்றார் டாக்டர். பயத்தில் நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

களிம்பும் மாத்திரையும் வாரக்கணக்கில் ஓடின. கண் பிழைத்தது, ஓரத்தில் ஒரு சின்னத் தழும்போடு. இது திரும்பவும் வரலாம், கண் சிவந்தால் அன்றைக்கே வர வேண்டும் என்பது டாக்டரின் கட்டளை. அதனால் தினமும் காலையில் செல்வி என் இமையைத் தூக்கிப் பார்த்து, "ஃபிரெஷ்ஷு, கெளம்பு" என்று அனுப்புகிறாள். ஃபிரிட்ஜ் கதவில் இப்போது முட்டை மட்டும்தான்.

அன்று அக்காவும் எல்லாரையும் போல சிரித்துவிட்டுப் போயிருந்தால், இதை நான் ஒற்றைக் கண்ணோடு எழுதிக்கொண்டிருப்பேன். அவரை நினைக்காமல் ஒரு நாளும் நான் கண் விழித்ததில்லை. அவர் இன்றும் கடைக்கு வந்தால் முதலில் என் கண்ணைப் பார்க்கிறார். அப்புறம்தான் மீன்.

"கடக்காரன் புதுசாத்தான் கீறான். ஒரு கிலோ போடு."